கேமராவுக்கு எட்டாத வெள்ளி

2004 ஜூன் மாதம். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கிரகம் கடக்க இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. அதைப் படம் பிடிக்க ஒப்புக்கொண்டிருந்த சுதாராணிக்குக் காலையிலிருந்து எதுவும் தெளியவில்லை.

அவள் கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருப்பவள். டெலஸ்கோப், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி முத்துகிருஷ்ணனுடையது. கண்ணாடியைக் கையாலேயே தேய்த்து, பிளாஸ்டிக் குழாயின் அடியில் பொருத்தி, இரண்டு வருஷம் பாடுபட்டுச் செய்தது.

அவர் வீட்டு மாடியிலிருந்து அதில் கண் வைத்துப் பார்த்தால் கயத்தாற்றுக் காற்றாலை இறக்கைகூடத் துல்லியமாகத் தெரிந்தது. கண் வைக்கும் லென்ஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேமராவை மாட்டினால் வெறும் மூட்டம். ஃபோகஸ் குமிழைத் திருகத் திருகப் படம் தெளிந்துகொண்டே வரும்; தெளியப்போகிற நேரத்தில், கேமரா மாட்டிய சிறு குழல் அதற்குமேல் உள்ளே போகாமல் முட்டிக்கொள்ளும்.

“உன் கேமராதாம்மா கோளாறு,” என்றார் முத்துகிருஷ்ணன்.

“இருங்க அண்ணாச்சி. படம் எங்கன வந்து விழுதுன்னு பாத்திருவோம்.”

கேமராவைக் கழற்றினாள். கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு, குழல் வாயில் பட்டர் பேப்பரைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினாள். வாய்க்கு ஒரு விரல் வெளியே, தாளில் குட்டிக் காற்றாலை ஒன்று தலைகீழாகச் சுற்றியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கேமராவின் பக்கவாட்டில் ஸ்கேலை வைத்தாள். ஃபிலிம் கேமராவின் வாயிலிருந்து மூன்று விரல் ஆழத்தில் இருந்தது.

“ஃபிலிமுக்கு ரெண்டு விரல் முன்னாலயே படம் விழுந்திருது அண்ணாச்சி. அடியில இருக்க கண்ணாடிய ரெண்டு விரல் மேல ஏத்தணும்; படமும் அம்புட்டு வெளிய தள்ளி ஃபிலிம்ல விழும்.”

“குழாயில புதுசா ஓட்டை போடச் சொல்லுதியா?” அவர் முகம் சுருங்கியது. “தப்பிப்போச்சுன்னா?”

“பழைய ஓட்டையிலயே திரும்ப மாட்டிக்கிடலாம்.”

குழாயை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, டிரில்லிங் மிஷினைத் தானே எடுத்து வந்தார்.

எட்டாம் தேதி பகலில், டெலஸ்கோப்பின் முன்வாயைச் சூரிய ஃபில்டரால் மூடிவிட்டு, சுதாராணி கேமராவில் கண் வைத்தாள். குமிழைப் பாதி திருகுவதற்குள் சூரியனின் விளிம்பு கூர்மையாகிவிட்டது. அதற்குள்ளே மிளகு மாதிரி ஒரு கரும்புள்ளி.

“வந்திருச்சு அண்ணாச்சி!”

மேல்காற்று டெலஸ்கோப்பை ஆட்டியதில் முப்பத்தாறு படத்தில் முப்பத்து நாலு வீணாயின. மிச்ச இரண்டும் பழுதில்லை. ஈரம் காயாத நெகட்டிவை முத்துகிருஷ்ணன் ஸ்டுடியோ ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“சூரியன் கறுத்துக் கெடக்கு. வெள்ளி எம்புட்டு வெள்ளையா இருக்கு பாத்தியா!”

“நெகட்டிவ்ல எல்லாம் மாறித்தான் தெரியும் அண்ணாச்சி. பிரிண்டு போட்டா சரியாயிரும்.”

அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ஜன்னலை விட்டு நகரவுமில்லை.