எடுத்து வைக்க ஒரு பட்டன்

வீடியோ கேம்களை இணையத்தில் விற்கும் கடை அது. வாங்கியவர்கள் அங்கேயே டவுன்லோடு செய்துகொள்ளலாம். கடையை இன்னும் எப்படி நன்றாக நடத்தலாம் என்று வாடிக்கையாளர்கள் எழுதி அனுப்புவதைப் படிப்பது அவளுடைய வேலை. நம் மொழியில் வரும் யோசனைகளைப் படிக்க அந்த அலுவலகத்தில் இரண்டே பேர். அவளும், பக்கத்து மேசைக்காரியும்.

"பாதி இறங்கின கேம், கரண்ட் போனா மறுபடி முதல்லேர்ந்து இறங்குது. நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று ஒருவர் எழுதுவார். "தேடுற இடத்துல தப்பா எழுதினாலும் கடை புரிஞ்சுக்கணும். என் பையன் பேரையே நான் தப்பாத்தான் எழுதுவேன்" என்று இன்னொருவர். மனைவி அறைக்குள் வந்தால் திரை தானாக பேங்க் பக்கத்துக்கு மாற வேண்டும் என்று கேட்டவருக்குத்தான் இதுவரை அதிக ஆதரவு.

பக்கத்து மேசைக்காரியை எல்லோரும் பூட்டு என்று கூப்பிடுவார்கள். வருகிற யோசனையை முழுதாகப் படிப்பதற்குள் மூடிவிடுவாள். ஒரே மாதிரி யோசனைகள் வந்தால் புதியதைப் பழையதற்குக் கீழே சேர்த்துவிட வேண்டும் என்பது விதி. பழையது 'முடியாது' என்று ஏற்கெனவே மூடப்பட்டதாக இருந்தால் புதியதும் சத்தமில்லாமல் அதோடு போய்விடும்.

"பொண்ணைப் பாழுங்கிணத்துல தள்ற மாதிரி," என்பாள் பூட்டு. "காலையிலேர்ந்து பத்து பொண்ணுங்களத் தள்ளிட்டேன். நீ இன்னும் முதல் பொண்ணுக்கே தலை சீவிட்டு இருக்கே."

அவள் சிரிப்பாள். எழுதியவர் எதற்காக எழுதினார் என்று தெரியாமல் அவளால் எதையும் மூட முடிந்ததில்லை.

அவளுக்கு ஒரு தம்பி. வேறு ஊரில் இருக்கிறான். இருவருக்கும் சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றையாவது செய்யலாம். போன் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. "சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்பதில் வந்து நின்றது. அந்த அப்புறம் வரவேயில்லை. அவள் முன்பு இதே கடையில் பணம் திருப்பித் தரும் பிரிவில் இருந்தாள், அது அவனுக்குத் தெரியும். யோசனைப் பிரிவுக்கு மாறியதைச் சொல்லச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. பேச்சுக்குப் பதிலாக மாதம் ஒரு கேம் அவனுக்குப் பரிசாக அனுப்புவாள். சின்ன வயதில் எந்த மாதிரி கேம் அவனுக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது எது பிடிக்கும் என்பதை ஊகித்துக்கொள்வாள்.

அனுப்பிய அன்றோ மறுநாளோ 'மகிழ்ச்சியுடன் திறந்தார்' என்று கடையிலிருந்து அவளுக்கு ஒரு மெசேஜ் வரும். கடை தானாக அனுப்புகிற மெசேஜ்தான். அதில் அந்த 'மகிழ்ச்சியுடன்' என்ற சொல்லை வைத்தது யார் என்றுகூட அவளுக்குத் தெரியும், இரண்டு மாடி மேலே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். தெரிந்தும் அதைப் பலமுறை படிப்பாள்.

"என் தம்பி அன்னிக்கே திறந்துடுவான்," என்று ஒருமுறை பூட்டிடம் சொன்னாள்.

"கொடுத்து வச்சவ நீ. எனக்கும் தம்பின்னு ஒண்ணு இருக்கே, போன் பண்ணா 'என்ன விஷயம்'னு கேக்கும். விஷயம் இல்லாம போன் பண்றது குத்தம் மாதிரி."

ஒரு நாள் காலை, டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவள் பக்கம் வந்த யோசனை இது. வாடிக்கையாளர்களின் பெயர் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. எழுதியது மட்டும் தெரியும்.

'பரிசு வந்தால் திரை ஓரத்தில் ரிப்பன் கட்டிய பெட்டி ஒன்று ஆடிக்கொண்டே இருக்கிறது. திறந்தால், மகிழ்ச்சியுடன் திறந்ததாக அனுப்பியவருக்குச் செய்தி போகிறது. திறக்காமல் விட்டால் ஒரு மாதத்தில், ஏற்கவில்லை என்று திரும்பிப் போகிறது. மூன்றாவதாக ஒரு வழி வேண்டும். எடுத்து வைக்க ஒரு பட்டன். ஏற்றதாகவும் ஆகக் கூடாது, மறுத்ததாகவும் ஆகக் கூடாது. அனுப்பியவருக்கு எதுவும் தெரியக் கூடாது. எனக்கு ஒருவர் மாதா மாதம் கேம் அனுப்புகிறார். நான் விளையாடுவதை விட்டு வருடக்கணக்கில் ஆகிறது. போன மாதம் வந்தது தோட்டம் வளர்க்கும் கேம். எப்போதும் போல அதோடு ஒரு வரி, சாப்பிட்டியா என்று. அவர் மனம் நோகக் கூடாது என்று திறக்கிறேன். திறந்த உடனே மூடிவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் பொய் சொன்ன மாதிரி இருக்கிறது.'

டீ ஆறிப் போனது. போன மாதம் தோட்டம் வளர்க்கும் கேமைத் தேர்ந்தெடுக்க ஒரு சாயங்காலம் முழுக்க அவள் உட்கார்ந்திருந்தாள். 'சாப்பிட்டியா' என்பதை விரலே எழுதிவிடும். யோசிக்க வேண்டியதில்லை.

அவள் பிறகு யோசனைகள் எதையும் படிக்கவில்லை. திரையில் வரிகள் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தில் ஒருவன் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு மாடி இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த 'மகிழ்ச்சியுடன்' எல்லாம் அவள் மனம் நோகாமல் இருக்கத் தம்பி கொடுத்த விலை. மாதம் தவறாமல் கொடுத்திருக்கிறான்.

இந்த பட்டன் வந்துவிட்டால் அதுவும் வராது.

சொந்தக்காரர் எழுதியதென்று தெரிந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பதும் விதி. பக்கத்து மேசைக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தள்ளவில்லை. அதைவிட மோசமான ஒன்றை அவளே செய்தாள். 'பரிசைத் திருப்பி அனுப்பும் வசதி' என்று ஒரு பழைய யோசனை 'முடியாது' என்று மூடிக் கிடந்தது. தம்பி எழுதியதை அதற்குக் கீழே சேர்த்தாள்.

"அட!" என்று எட்டிப் பார்த்தாள் பூட்டு. "நீயும் தள்ள ஆரம்பிச்சிட்டியா? இனிமே நாம ஒரே ஜாதி."

மதியத்துக்குள் அவன் ஆட்சேபித்து எழுதிவிட்டான். 'தவறாகச் சேர்த்திருக்கிறீர்கள். அவர் கேட்டது திருப்பி அனுப்ப. நான் கேட்டது திருப்பி அனுப்பாமல் இருக்க. தயவுசெய்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.'

ஒருவரும் அவளிடம் இதுவரை முழுதாகப் படியுங்கள் என்று சொன்னதில்லை. அவள் அதைப் பிரித்துத் திரும்பத் தனியாக வைத்தாள். ஆட்சேபம் வந்தால் விளக்கம் கேட்கலாம், கேட்பது யோசனைப் பிரிவு என்ற பெயரில் போகும். கேட்டாள்.

'கடையின் ஆப்பையே கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டால் பெட்டி வராதே?'

'எடுத்தால் வருகிற பரிசெல்லாம் திரும்பிப் போய்விடும். அதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.'

மறுநாள் காலை கேட்டாள். 'இனி அனுப்ப வேண்டாம் என்று அவரிடமே சொல்லலாமே?'

பதில் சாயங்காலம் வந்தது. 'சொல்லலாம். ஏன் என்று கேட்பார். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? கோபம் எதுவும் இல்லை. பேசாமல் இருந்து இருந்து, எதை வைத்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உங்களுக்கு இந்த விவரமெல்லாம் தேவையா?'

'தேவை,' என்று எழுதினாள். அவனுக்கு எழுதியவற்றில் அது மட்டும்தான் விதிக்குப் புறம்பானது.

இத்தனை வருடத்தில் தம்பி அவளோடு இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான். இன்னும் கேட்கலாம். கேட்கக் கேட்க அவன் சொல்வான், யாரோ ஒரு பிரிவிடம். கேட்டுக்கொண்டே இருந்தால் முடிவெடுக்கவும் வேண்டாம். இரண்டு நாள் அவள் வேறு யோசனைகளைப் பார்த்தாள், நடுநடுவே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். மூன்றாவது கேள்வியை மனதுக்குள் பலவிதமாக எழுதிப் பார்த்தாள். அக்காவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வரவழைப்பதற்கான கேள்வி அது. அது தெரிந்ததும் கேட்காமல் விட்டாள்.

வாரக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு யோசனையை முன்வைக்கலாம். தேறினால் கடையைக் கட்டும் பொறியாளர்களிடம் போகும். பெரும்பாலும் தேறாது. மேலாளர் எதற்கும் 'அடுத்த வாரம் பாக்கலாம்' என்பார், அதனால் வாய்தா என்று பெயர். அவள் இதை முன்வைத்தாள்.

"என்னம்மா இது? குடுத்தவனுக்கு ஒண்ணுமே தெரியக் கூடாதா?" வாய்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அப்ப அவன் மறுபடி எதுக்கு வாங்குவான்? யாவாரம் படுத்துடும்."

"'ஏற்கவில்லை'ன்னு ஒரு தடவ வந்தா போதும் சார். அப்புறம் அந்த ஆள் கடைப் பக்கமே வர மாட்டாரு," என்றாள் அவள்.

"இத நான் எடுத்துக்கறேன் சார்," என்றாள் பூட்டு. "ரெண்டு நிமிஷம்."

"இரு, இரு, உன் கைக்குப் போனா பொணம்தான் வெளிய வரும்." வாய்தா திரும்பவும் படித்தார். "இல்ல, நான் கேக்கறேன். குடுக்கறவங்க பாவம் இல்லையா? தெறந்தானா, இல்லையா, புடிச்சுதா, இல்லையான்னு ஒண்ணுமே தெரியாம உக்காந்திருப்பாங்களே?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான் என்பதால் பார்த்தார்கள், வேறு காரணம் அவர்களுக்குத் தெரியாது.

"குடுக்கறவங்க யாரும் எழுதிக் கேக்கல சார்," என்றாள். "வாங்கறவருதான் கேட்டிருக்காரு."

"அதுவும் சரிதான். அடுத்த வாரம்..."

"இன்னிக்கே முடிவு பண்ணிடலாம் சார்."

பூட்டு மெல்ல அவள் பக்கம் திரும்பினாள். இத்தனை வருடத்தில் அவள் வாய்தாவைப் பாதியில் நிறுத்தியதில்லை. வாய்தாவுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்ணாடியை இறக்கினார், கையெழுத்துப் போட்டார்.

"யாருடி அது?" என்று வெளியே வந்ததும் கேட்டாள் பூட்டு. "எழுதினவன்? தெரிஞ்சவனா?"

"வாடிக்கையாளர்."

அன்று மதியம் பூட்டு தன் டப்பாவிலிருந்து ஆரஞ்சை உரித்து, பாதியை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பட்டனைச் செய்ய பொறியாளர்களுக்குச் சில வாரங்கள் ஆனது. அதற்குக் கீழே வர வேண்டிய வரியை யோசனையை முன்வைத்தவரே எழுதித் தர வேண்டும். சுருக்கமாக இருக்கட்டும் என்றார்கள். 'எடுத்து வைத்துக்கொள்ளலாம். அனுப்பியவருக்குத் தெரியாது. எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம், திறக்காமலும் இருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தாள். கடைசி இரண்டு சொற்கள் எதற்கு என்று கேட்டார்கள். இருக்கட்டும் என்றாள். விட்டுவிட்டார்கள்.

பட்டன் வந்த மாதம் பரிசு அனுப்புவதா வேண்டாமா என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நிறுத்திவிட்டால் அவன் கேட்டதற்கு அர்த்தமில்லாமல் போய்விடும். நிறுத்த வேண்டும் என்று அவன் கேட்கவும் இல்லை. காட்டுக்குள் நடந்து பறவைகளைப் படம் எடுக்கும் கேம் ஒன்றை அனுப்பினாள். அதில் ஜெயிப்பது தோற்பது எதுவும் கிடையாது.

அன்றும் மறுநாளும் மெசேஜ் வரவில்லை. வராது என்று தெரியும். தானே வாதாடி நிறுத்திய மெசேஜ். என்றாலும் போன் சிணுங்கும்போதெல்லாம் கை போனது.

நிறைவேறிய யோசனையை மூடுவதற்கு முன் எழுதியவரிடம் ஒருமுறை திருப்தியா என்று கேட்க வேண்டும். கேட்டாள். அவன் எழுதியிருந்தான்.

'பட்டன் வேலை செய்கிறது. இந்த மாதம் ஒன்று வந்தது, எடுத்து வைத்தேன். யாருக்கும் தெரியப் போவதில்லை என்பதால் ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்தும் பார்த்தேன். பறவைகள். ரொம்ப நேரம் விளையாடினேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மூடிவிடுங்கள், திருப்தி.'

அவள் அதைப் படித்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். எந்தப் பறவை என்று கேட்க வேண்டும் போலிருந்தது. யோசனைப் பிரிவு எதற்காக அதைக் கேட்கும்? பக்கத்தில் பூட்டு யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தாள், "என்ன விஷயம்னா? ஒரு விஷயமும் இல்லடா, சும்மாதான்."

பிறகு, 'பயன்பட்டதில் மகிழ்ச்சி' என்று எழுதினாள். அந்தச் சொல்லை இந்தமுறை அவளே வைத்தாள். எழுதி, மூடினாள். மூடிய பக்கத்தில் இரண்டு தரப்பும் இனி எழுத முடியாது.

அன்று வீட்டில், செருப்பைக் கழற்றியதும் தன் கணக்கைத் திறந்து பார்த்தாள். பறவை கேமுக்கு நேரே 'சென்று சேர்ந்தது' என்று இருந்தது. வேறு எதுவும் இல்லை. அவன் ரொம்ப நேரம் விளையாடினான் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அடுத்த மாதத்துக்கு என்ன அனுப்புவது என்று பார்க்க ஆரம்பித்தாள்.