வாங்காத வீடுகள்

மாலையில் இருட்டத் தொடங்கியதும் அத்தை எழுந்து போய் வெறும் சுவரைத் தடவுவார். விளக்கு ஸ்விட்ச் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்த வாடகை வீட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆன பிறகும் அவர் கை இந்தப் பக்கமே போனது. வயதான தடுமாற்றம் என்றுதான் மருமகள் முதலில் நினைத்தாள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். எதற்கும் ஒரு காரணம் தெரிந்தால்தான் அவளுக்கு நிம்மதி. ஒருநாள் கேட்டே விட்டாள்.

“ரயில்வே கேட் வீட்டுல ஸ்விட்ச் இங்கதாம்மா இருந்துச்சு” என்றார் அத்தை, சாதாரணமாக.

ரயில்வே கேட் வீட்டில் அவர்கள் ஒருநாள்கூடக் குடியிருந்ததில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், அவ்வளவுதான்.

மாமனார் காகித ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஞாயிறு காலை ஆனால் மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு விற்பனைக்கு வந்த வீடுகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். மற்ற குடும்பங்கள் கடற்கரைக்கோ சினிமாவுக்கோ போகும், இவர்கள் அடுத்தவர் வீட்டுப் படுக்கையறைக்குப் போவார்கள். அடுப்பு எங்கே, கட்டில் எந்தப் பக்கம், பையனின் மேஜை எந்த ஜன்னலுக்குக் கீழே என்பதையெல்லாம் அத்தை பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுவார். மாமனார் விரலை மடக்கிச் சுவரைத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். எல்லாம் பிடித்திருக்கும். படியிறங்கும்போது சொல்வார்: “இந்த விலை நிக்காது, இறங்கும். அடுத்த வருஷம் பாக்கலாம்.”

அவர் கஞ்சர் இல்லை. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்தவர்தான். ஆனால் கையில் சேர்ந்தது எப்போதும் போன வருடத்து விலையாகவே இருந்தது. சம்பளம் நடந்து போனது, வீட்டு விலை பஸ் பிடித்துப் போனது. ரயில்வே கேட் வீட்டுக்கு அன்றைக்குக் கேட்ட முழு விலை, இன்று அதே தெருவில் ஒரு வருட வாடகை. ஆலையில் அவருக்கு ‘அடுத்த வருஷம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் வராத நாளில், அடுத்த வருஷம் இன்னிக்கு லீவா என்று கேட்பார்களாம்.

வாடகை ஏற ஏற, குடும்பம் ஊரின் நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு வந்தது. கடைசியில் ஒரு வாடகை வீட்டில்தான் அவர் கண்ணை மூடினார். துக்கம் கேட்க வந்த வீட்டுக்காரர், கிளம்பும்போது வாடகையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போய்விட்டார். அந்த வீடுகள் போகவில்லை. அத்தை சில நேரம் சமையலறையிலிருந்து வரும்போது, இல்லாத ஒரு வாசலுக்குத் திரும்பிச் சுவரில் தோளை இடித்துக்கொள்வார். மகன், அதாவது மருமகளின் கணவன், லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் ஏதோ ஒரு புது அடுக்குமாடியில் லிஃப்டைச் சரிபார்த்துவிட்டு வந்தவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். என்னவென்று கேட்டதற்கு, “என் ரூம் இருந்த இடத்துலதான் இப்ப லிஃப்ட் ஓடுது” என்றான். சின்ன வயதில் பார்க்கப் போய், பிறகு இடிக்கப்பட்ட ஒரு வீட்டில், ஒரு காலை நேரம் மட்டும் அவனுடையதாக இருந்த அறை அது. மூன்று பேர் குடியிருக்கும் வீட்டில் எத்தனை வீடுகள் குடியிருக்கின்றன என்று மருமகள் அன்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது இந்த வீட்டுக்காரரும் வாடகையை ஏற்றிவிட்டார். கட்ட முடியாவிட்டால் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். அந்த நேரத்தில்தான் மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மூன்றாம் மாடி ஃப்ளாட் விலைக்கு வந்தது. இரண்டே அறை. இரண்டு சம்பளத்தையும் சேர்த்து வங்கி எவ்வளவு கடன் தருமோ, அதன் கடைசி விளிம்பில் நின்றது விலை. இதற்கு மேல் ஒரு படி ஏறினாலும் இனி எந்த வீடும் எட்டாது என்று மருமகளுக்குத் தெரியும். பதினொரு மணிக்கு இன்னொரு ஜோடி வருகிறது, அதற்குள் சொன்னால் உங்களுக்கு, இல்லாவிட்டால் அவர்களுக்கு என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மூவரும் போனார்கள். நல்ல வெளிச்சமான கூடம். அத்தை நடுவில் நின்றார். மருமகள் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பின்னால் சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது.

திரும்பினாள். கணவன் விரலை மடக்கித் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்து நின்றான். மாமனாரை அவள் பார்த்ததே இல்லை. அவர் இறந்து இரண்டு வருடம் கழித்துத்தான் கல்யாணம். ஆனால் அத்தையின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் வந்திருப்பது யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“இந்த விலை நிக்காது” என்றான் அவன். குரல் நிதானமாக, வயதேறி இருந்தது. “அடுத்த வருஷம் பாக்கலாம்.”

அத்தைதான் பேசினார். மகனைப் பார்த்து அல்ல, அவனுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்து.

“என்னங்க, நீங்க வேண்டாம்னு சொன்ன வீட்டுல எல்லாம் நான் இன்னும் குடித்தனம் பண்ணிக்கிட்டு இருக்கேன். எத்தனை வீட்டைத்தான் நான் ஒருத்தி கூட்டிப் பெருக்குவேன்? கால் ஓஞ்சு போச்சு. நீங்க கீழ போய் நில்லுங்க. பிள்ளைங்க இங்க இருக்கட்டும்.”

கோபமே இல்லை. கடைக்குப் போய்வரச் சொல்வதுபோலச் சொன்னார். கதவருகே நின்ற மருந்துக்கடைக்காரர், ஏனென்று தெரியாமலே, யாருக்கோ வழிவிடுவதுபோல ஒதுங்கினார்.

கணவனின் கை சுவரிலிருந்து இறங்கியது. தூங்கி எழுந்தவன்போல மனைவியைப் பார்த்தான்.

“வாங்கினா ரிட்டயர் ஆகற வரைக்கும் கட்டணும்” என்றான். இது அவன் குரல்தான். பயந்த குரல்.

“வாங்கலேன்னா அதுக்கப்புறமும் வாடகை கட்டணும்” என்றாள் அவள்.

அவன் சிரிக்க முயன்றான், முடியவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் போய், எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி முன்பணத்தைக் கொடுத்தான். மருமகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு அந்த ஜோடி படியேறி வந்தது. அந்தப் பெண்ணின் கையில் அளவு டேப் இருந்தது. முடிந்துவிட்டது என்று மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் கணவன், வேறு பார்க்கலாம் வா என்று உடனே திரும்பினான். அவள் நகரவில்லை.

“மூணு மாடி ஏறிட்டோம். ஒருதடவை பாத்துட்டுப் போறேனே” என்றாள்.

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவள் உள்ளறைக்குப் போனாள். டேப்பைப் பிரிக்கவில்லை. மூலையிலிருந்து ஜன்னல்வரை கண்ணாலேயே அளந்தாள். கட்டில் இங்கே. துணி அலமாரி அங்கே. பிறகு ஜன்னலுக்குக் கீழே, சின்னதாக ஏதோ ஒன்று.

அத்தை வேகமாக உள்ளே போய் அவள் தோளைத் தொட்டார்.

“ரொம்ப நேரம் நின்னு பாக்காதம்மா. கெளம்பு, கெளம்பு.”

“மத்தியானத்துல இங்க வெயில் அடிக்குமா?” என்று கேட்டாள் அந்தப் பெண், ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.