போன் எடுக்கிற கம்பெனி

பாளையங்கோட்டையில் சங்கரி நடத்திவந்த திருமணத் தகவல் நிலையம் என்பது அவள் குடியிருந்த வீட்டின் முன்னறைதான். நாற்பத்தாறு வயதாகியும் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அப்பா படுக்கையில் கிடந்த வருஷங்களில் வந்த வரன்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போயின. அவர் போன பிறகு யாரும் கேட்டு வரவில்லை. ஜாதகம் கொண்டுவருகிறவர்கள், "ஊருக்கெல்லாம் பாக்கியே, ஒனக்குப் பாக்கலியா?" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே ஜாதகத்தைப் பிரிப்பாள்.

தொண்ணூற்றொன்பதில் வெளிநாட்டு மாப்பிள்ளை வீட்டார்கள் வெப்சைட் இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். பிரவுசிங் சென்டர் வைத்திருந்த எபனேசர் பக்கங்களைச் செய்து கொடுத்தான். செய்ததை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது.

"நம்ம கம்ப்யூட்டர்ல வச்சா நாம மட்டுந்தாம்க்கா பாக்க முடியும். ஊரே பாக்கணும்னா எப்பவும் ஓடிக்கிட்டே இருக்க கம்ப்யூட்டர்ல வைக்கணும். அதுக்கு எடம் வாடகைக்கு விடுத கம்பெனிங்க இருக்கு," என்றான்.

முதலில், காசு வாங்காமல் இடம் தருகிற ஓர் அமெரிக்கக் கம்பெனியில் வைத்துப் பார்த்தார்கள். பக்கம் திறந்தது. உச்சியில் நீச்சலுடையில் ஒருத்தி சிரித்தாள். அதற்குக் கீழே, வரனுக்குப் பதிந்திருந்த கைலாசம் வாத்தியார் மகளின் பட்டுப்புடவைப் படம். சங்கரி உச்சியிலிருந்த படத்தைக் கையால் மறைத்தாள்.

"அந்தப் பொம்பளைய எடுக்க முடியாதா?"

"சும்மா எடம் குடுக்கான்லா, வெளம்பரம் போடத்தான் செய்வான்."

"அப்ப நம்ம பிள்ளைய எடுத்துரு."

எபனேசர் சென்னைக் கம்பெனிகள் மூன்றின் விவரத்தைச் சேகரித்து வந்தான். எவ்வளவு இடம், எவ்வளவு வேகம் என்று அவன் சொல்லிக்கொண்டே போக, சங்கரி இடைமறித்தாள். "நிச்சயம் ஆன அன்னைக்கே பிள்ளை படம் அங்கன இருக்கப்படாது. ஒன் சென்டர்ல பாதி நாள் நெட் லைன் கெடைக்க மாட்டேங்கு. நான் போன்ல கூப்பிட்டுச் சொன்னா கம்பெனில படத்த எடுப்பாங்களா? எனக்கு அதாம்ப்பா வேணும்."

மூன்று கம்பெனிக்கும் அவளே போன் போட்டாள். ஒன்றில் பாட்டு ஓடி, தானே நின்றது. இன்னொன்றில் மெயில் அனுப்பச் சொன்னார்கள். மூன்றாவதில் ஒரு பெண் எடுத்தாள். சங்கரி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீங்க தின்னவேலிப் பக்கமா?"

"பாளையங்கோட்டை."

"நான் ஏரல்க்கா, நம்ம பக்கந்தான். பேரு டார்லின்," என்றாள். அதுவரை சென்னைத் தமிழில் வந்த குரல் சட்டென்று இளகியது. "கூப்பிட்டுச் சொல்லுங்க, ஒடனே எடுத்துருதேன்."

"எடம் பாதிதான் தாராங்க, வாடகையும் கூடுதல்," என்று எபனேசர் முணுமுணுத்தான். "இருக்கட்டும்," என்றாள் சங்கரி.

டார்லின் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வாத்தியார் மகளுக்கு நிச்சயமானபோது, தாம்பூலம் மாற்றிய வீட்டார் ஊர் திரும்புவதற்குள் படம் போயிருந்தது. நாளாக ஆக, எடுக்கப் படம் இல்லாத நாட்களிலும் சங்கரி போன் செய்தாள். பக்கம் சரியாகத் தெரிகிறதா என்று கேட்பாள். தெரிகிறது என்று சொல்லிவிட்டு, "இன்னைக்கு என்ன வச்சீங்க?" என்பாள் டார்லின். சங்கரி என்ன சமைத்தாள் என்று அந்த வீட்டில் கேட்க ஆளில்லாமல் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு கூட்டும் ரசமும் வைத்ததை அவள் விஸ்தாரமாகச் சொல்வாள். "ஹாஸ்டல் தண்ணியில குளிச்சா குளிச்ச மாதிரியே இல்லக்கா," என்று டார்லின் ஊர் ஆற்றை நினைத்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் சங்கரி வாய்தவறிக் கேட்டுவிட்டாள். "ஒனக்கு வீட்ல பாக்காங்களா? ஒங்க ஆளுகள்லயே நல்ல எடம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு."

"வேண்டாம்க்கா," என்றாள் டார்லின் அவசரமாக. "வேற கால் வருது, வச்சிருதேன்."

போனை வைத்த பிறகுதான் சங்கரிக்கு உறைத்தது. தன்னிடம் பிறர் கேட்கும்போது தனக்கு உள்ளுக்குள் கோபம் பொத்துக்கொண்டு வருமே, அதே கேள்வி. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க நினைத்தாள். கூச்சம் தடுத்தது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு ஒருநாள் எண்ணைச் சுழற்றியபோது ஆண்குரல் எடுத்தது.

"டார்லினா? வேலையை விட்டுட்டாங்க மேடம். எங்க போனாங்கன்னு தெரியல. உங்களுக்கு என்ன வேணும்?"

"பக்கம் தெரியுதான்னு..."

"தெரியுது மேடம்."

இணைப்பு அறுந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஜாதக விஷயமாகப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, சங்கரி ஏரலுக்குப் பஸ் ஏறினாள். ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் விட்டு வருகிற கூட்டம் கடைத்தெருவில் நிறைந்திருந்தது. மளிகைக் கடைக்காரரிடம், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த டார்லினைத் தெரியுமா என்று கேட்டாள்.

"எந்த டார்லின்மா? அவங்க அப்பா பேரு என்ன?"

அது சங்கரிக்குத் தெரியாது. இத்தனை மாதம் பேசியும் கேட்டதில்லை. அப்பன் பேர், ஊர், தொழில் எல்லாம் விசாரித்தே பிழைக்கிறவள் இந்த ஒருத்தியிடம் எதையும் விசாரிக்கவில்லை. வெறுங்கையாய் நிற்கக் கூசி, கருப்பட்டி கொஞ்சம் வாங்கிக்கொண்டாள். ஆற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது துணி துவைக்கிற பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். குரலை மட்டும் தெரிந்த ஒருத்தியை முகத்தில் எப்படித் தேடுவது?

அந்த வருஷ வாடகை முடிந்ததும், மலிவான கம்பெனி ஒன்றை எபனேசர் சொன்னான். மெயிலில்தான் பேசுவார்கள், போன் கிடையாது என்றான். சங்கரி சரி என்றாள்.