டீக்கனார் நீட்டிய வலக்கை

1897 மார்ச் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல், ஆர்கன்சா மாநிலத்தின் கேனி மேட்டிலிருந்த கறுப்பின பாப்டிஸ்டு சபையில் அலுவல் கூட்டம் நடந்தது.

முடிவு செய்யவேண்டியது ஒன்றுதான். ஞாயிறு பள்ளிக்கான பாடப் புத்தகங்களை வழக்கம்போல் வடக்கிலுள்ள வெள்ளையர் சங்கத்திடம் வாங்குவதா, கறுப்பின பாப்டிஸ்டுகளின் தேசிய மாநாடு நாஷ்வில்லில் புதிதாகத் தொடங்கியிருந்த அச்சகத்தில் வாங்குவதா?

பள்ளிப் பொறுப்பாளர் லவீனியா போக் நாஷ்வில் புத்தகத்தின் மாதிரிப் பிரதியை ஏற்கெனவே இரண்டு முறை படித்துவிட்டாள். எழுதியவர், அடிமையாகப் பிறந்த ஒரு போதகர். அந்தப் புத்தகம் வராவிட்டால் பொறுப்பை விட்டுவிடுவதாகப் பாஸ்டர் மேப்ரியிடம் சொல்லியிருந்தாள். வெறும் பேச்சல்ல அது.

எதிர்த்தவர், சபைக் காரியங்களைக் கவனிக்கும் மூத்த டீக்கன் டார்ப்ளி. "நாப்பது வயசுல எனக்கு எழுத்து சொல்லிக் குடுத்தது அந்தச் சங்கத்து அம்மா. அவங்களுக்கு எப்படி முதுகு காட்டுறது?"

"நம்மளும் எழுதணும்னுதானே டீக்கனாரே சொல்லிக் குடுத்தாங்க? முப்பது வருஷமா வாசிச்சுக்கிட்டே இருக்கோமே" என்றாள் லவீனியா. பெண்கள் பெஞ்சில் சிரிப்பு எழுந்தது.

வாக்கெடுப்பில் எழுந்து நிற்கவேண்டும். லவீனியாவின் பக்கம் இரண்டு தலைகள் அதிகம். ஆனால் அவர்களில் சலவைக்காரி டைசி உட்பட நான்கு பேர், போன ஞாயிறுதான் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்கள். டார்ப்ளியின் பக்கம் நின்ற இளைஞன் பிரின்ஸ் காடிஸ் அதைப் பிடித்துக்கொண்டான். முழுக்கு பெற்றவர்களைச் சபை வலக்கை கொடுத்து வரவேற்ற பிறகுதான் அவர்கள் அங்கத்தினர்.

"தண்ணிய விட்டு எழுந்துட்டா ஆச்சா, டைசி? சபை உனக்குக் கை குடுத்துச்சா?"

"மழைக்கு ஓடினது நானா? பாஸ்டர்தான் முதல்ல ஓடினாரு."

பாஸ்டர் இருமினார். கைகொடுத்தல் அன்று மழையால் விட்டுப்போனது உண்மை என்று ஒப்புக்கொண்டார். நான்கு பேரைக் கழித்தால் லவீனியாவுக்குத் தோல்வி. டார்ப்ளி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலே அவர் பக்கம் ஜெயித்துவிடும்.

அவர் எழுந்தார். முடிவு இன்னும் அறிவிக்கப்படவில்லை, முதலில் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

"நம்ம பக்கமே தோத்துருமே" என்று முனகினான் காடிஸ்.

"பிஷப்பு இல்ல, எஜமான் இல்ல, ஆளுக்கு ஒரு ஓட்டுன்னுதானே தம்பி நாம பாப்டிஸ்டா இருக்கோம்? தப்பு சபையோடது. அதை வச்சு நான் ஜெயிக்க வேணாம்."

யாரும் மறுக்கவில்லை. டார்ப்ளி ஒவ்வோர் அடியாகப் பாட்டை எடுத்துக்கொடுக்க, சபை அதை இழுத்துப் பாடியபடி வரிசையில் வந்து நால்வருக்கும் வலக்கை கொடுத்தது. முதல் கை அவருடையது.

"நான் உங்களுக்கு எதிராத்தான் நிப்பேன், டீக்கனாரே" என்றாள் டைசி.

"தெரியும் சிஸ்டர். நிமிர்ந்து நில்லுங்க."

லவீனியா அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சபையில் தோற்றாலும் கௌரவம்தான் என்று தோன்றியது.

மறுபடி எண்ணினார்கள். நாஷ்வில் புத்தகத்துக்கான தீர்மானம் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. டார்ப்ளி கடைசிவரை எதிர்த்தே நின்றார். திங்கட்கிழமை நாஷ்வில்லுக்கு ஆர்டர் போனது. ஏப்ரல் முதல் ஞாயிறு புதிய புத்தகத்தில் பாடம் நடந்தது.