பாகம் பிரிக்காத ஃபோல்டர்

எங்கள் குடும்பத்தில் எதையும் பாகம் பிரித்ததில்லை. அப்பா காலத்தில் வீடு ஒன்று, அடுப்பு ஒன்று, சைக்கிள்கூட ஒன்றுதான். அண்ணன் தலையெடுத்த பிறகு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பழைய புகைப்படங்களை எல்லாம் அவர் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அதில் ஏற்றினார். ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டால் தேடுவதற்குச் சுலபம் என்று என் மகன் யோசனை சொன்னான். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. குடும்பத்தைத் துண்டு துண்டாக வைக்கச் சொல்கிறாயா என்று கேட்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் ஒரே ஃபோல்டரில்தான் இருக்கின்றன.

ஒரே இடம் என்றாலும் ஒழுங்கு உண்டு. அண்ணன் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டவர். மூப்புப்படி எண் கொடுத்திருந்தார். அப்பா படங்கள் ஒன்று என்று தொடங்கும், அம்மா படங்கள் இரண்டு, அவருடையவை மூன்று, என்னுடையவை நான்கு. கல்யாணமாகி வந்தவர்களும் பிள்ளைகளும் அவரவர் எண்ணுக்குள் அடக்கம்.

ஐந்து என்பது எங்கள் தங்கைக்கு உரிய எண். அது அந்த ஃபோல்டரில் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் அவள் வந்த அன்று காலை வழக்காகிவிட்டது.

தங்கை ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தவள். கூட வேலை பார்த்தவரை அவளே தேர்ந்தெடுத்து, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகுதான் வீட்டுக்குத் தகவல் சொன்னாள். இந்த வீட்டில் இனி பிள்ளைகள் இரண்டு பேர்தான் என்றார் அண்ணன். மூத்தவர் ஒரு சொல் சொன்னால் அதன் பக்கத்தில் நிற்பது இளையவன் கடமை. நான் நின்றேன். அதற்காக இன்றும் நான் தலைகுனியவில்லை.

அண்ணன் போன வருடம் காலமானார். அன்று தங்கை வாசல்வரை வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். இப்போது அண்ணிதான் அவளை ஃபோனில் கூப்பிட்டிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

கார் மதில் ஓரமாக வந்து நின்றது. தங்கை மட்டும் இறங்கினாள். ஓட்டிவந்த அவள் கணவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பேப்பரைப் பிரித்தார். உள்ளே வாருங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வருகிறேன் என்பதுபோல அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மனிதருக்கும் முதுகு வளையாது போலிருக்கிறது.

அம்மா படம் ஒன்று வேண்டும், அதற்காகத்தான் வந்தேன் என்றாள் தங்கை. வீட்டைவிட்டுப் போனபோது கையில் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லையாம். நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். அம்மா படம் மட்டும் என்ன, எல்லார் படமும் அண்ணன் பத்திரமாக வைத்திருக்கிறார், உன்னுடையதும் இருக்கிறது என்றேன். நான் அதுவரை அந்த வரிசையின் அடிவரைக்கும் போய்ப் பார்த்ததில்லை. ஆனாலும் அண்ணன் அவளை விட்டுவிட்டிருப்பார் என்று எப்படி நினைக்க முடியும்?

அவள் சிரித்தாள். “என் படமா? பெரியண்ணா வச்சிருக்காரா? சரி சின்னண்ணா, பந்தயம். இருந்தா மத்தியானம் இங்கதான் சாப்பாடு. இல்லன்னா அம்மா படத்தை வாங்கிட்டுப் போறேன், அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

“இருக்கு. உக்காரு” என்றேன்.

மவுஸ் சக்கரத்தை உருட்டினேன். அப்பா சைக்கிளோடு நின்றார். அப்பா அலுவலக நண்பர்களோடு நின்றார். அப்பா எங்கே நின்றாலும் ராணுவத்தில் நிற்பதுபோலத்தான் நிற்பார். பிறகு அம்மா வந்தார். மொட்டை மாடியில் துணி காயப்போடும் அம்மா. வாயில் கவ்விய கிளிப்போடு கேமராவை முறைக்கும் அம்மா. அந்தக் கிளிப்பை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டு அன்றைக்குத் தங்கை அழுதது எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திரை சட்டென்று மேலே ஓடிப்போய் மறுபடியும் சைக்கிளோடு அப்பா நின்றார்.

கை தவறியிருக்கும் என்று நினைத்து மறுபடி உருட்டினேன். இந்த முறை அண்ணன் படங்கள்வரை போனேன். தாடி வளர்த்துப் பார்த்த வருடத்து அண்ணன் வந்ததும் அண்ணிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். திரை மீண்டும் அப்பாவிடம் ஓடிவிட்டது.

“அப்பவும் இந்த வீட்ல இதே கதைதான். சினிமாவுக்குப் போகணுமா, அப்பாவைக் கேளு. செருப்பு வேணுமா, அப்பாவைக் கேளு” என்றாள் தங்கை.

வெளியூரில் இருக்கும் என் மகனைக் கூப்பிட்டேன். அவன் சொன்னதை எல்லாம் செய்தேன். அணைத்துப் போட்டேன். மவுஸுக்கு வேறு பேட்டரி போட்டேன். பெரிய படங்களாகத் தெரிவதைச் சிறிய பட்டியலாக மாற்றினேன். எதுவும் எடுபடவில்லை. கடைசிக்கு நேரே போகும் பொத்தானை அழுத்தச் சொன்னான். நான் முன்னால் குனிந்து அழுத்தினேன். கண் மூடித் திறப்பதற்குள் அடிவரை போய்விட்டு, அதே வேகத்தில் மேலே வந்துவிட்டது. அந்த நொடியில் கண்ணில் பட்டவை படங்கள் அல்ல, வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள். இவ்வளவு பழைய கம்ப்யூட்டரில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அப்படித் தெரியலாம் என்றான் மகன். நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

அண்ணி ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார், கொண்டு வந்திருக்கிறாராம் என்றார். யார் என்று நான் கேட்கவில்லை.

தங்கை கைப்பையைத் தோளில் மாட்டினாள். அம்மா படம் போதும் என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். “ஒரே ஒரு தடவை” என்றேன். அவள் பையைக் கழற்றவில்லை, ஆனால் உட்கார்ந்தாள்.

பட்டியலை மறுபடியும் படங்களாக மாற்றி மெல்ல உருட்டினேன். ஒருவழியாக என் படங்கள் வந்தன. ஒன்றில் நாங்கள் மூன்று பேரும் ஒரே மழைக்கோட்டுக்குள் நிற்கிறோம். அண்ணன் நடுவில், நான் வலது கையில், இவள் இடது கையில். பஸ் நிறுத்தத்தில் அப்பாவின் நண்பர் எடுத்தது. இவள் முகம் பாதி, இரண்டு பொத்தான்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி வழியாகத் தெரியும். முதல் பரிசு கிடைத்த ஒரு பேச்சுப் போட்டிக்கு நான் போய்க்கொண்டிருந்ததால் அது என் எண்ணில் இருந்தது, பந்தயக் கணக்கில் சேராது. அந்தக் கோட்டின் ரப்பர் வாடை எனக்கு அப்படியே வந்தது.

திரை அப்பாவிடம் ஓடியது.

“சின்னண்ணா, நிமிர்ந்து உக்காருங்க” என்றாள் தங்கை.

“நான் எப்பவும் நிமிர்ந்துதான் உக்கார்றேன்.”

“இல்ல. பிடிச்ச படம் வந்ததும் மேஜைமேல சாயறீங்க. நீங்க சாஞ்சாதான் அது அப்பாகிட்ட ஓடுது.”

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சோதித்துப் பார்த்தோம். நாற்காலியின் முதுகில் சாய்ந்தபடி உருட்டினால் அம்மாவைத் தாண்டி அது அமைதியாகப் போனது. முழங்கையை மேஜையில் ஊன்றினால் உடனே அப்பா வந்து நின்றார். தங்கை தரையில் உட்கார்ந்து மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பலகைக்குக் கீழே இழுக்கிற தட்டு ஒன்று உண்டு, அது இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். உள்ளே அண்ணனின் பழைய கீபோர்டு துண்டால் மூடியிருந்தது. அதன்மேல் அப்பாவின் தோல் அட்டை ஆல்பம் ஏறிக்கிடந்தது.

பழைய கீபோர்டு எப்படி இன்னும் இங்கே இருக்கிறது என்று கேட்டேன். மகன் புதியது வாங்கிக் கொடுத்தபோதே அதை எடுத்திருக்க வேண்டும்.

“நீங்கதானே தம்பி சொன்னீங்க? அவர் வச்சது வச்சபடி இருக்கணும், ஒரு ஒயரைக்கூடத் தொடக்கூடாதுன்னு” என்றார் அண்ணி.

உண்மைதான். ஒயர் அப்படியே செருகியிருந்தது. மேஜைப் பலகை என் பாரத்தில் சற்றுத் தாழும்போதெல்லாம் அது ஆல்பத்தை அழுத்தும். ஆல்பத்தின் பித்தளை முனை, வரிசையின் தொடக்கத்துக்குப் போகிற பொத்தானை அழுத்தும். பொத்தான்களோடு வாழ்ந்தவள் என்பதால் தங்கை விரலை வைத்த உடனே அதைக் கண்டுபிடித்தாள். எடுக்கட்டுமா என்பதுபோல என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆல்பத்தை மட்டும் எடு. ஒயர் இருக்கட்டும்” என்றேன்.

அதன் பிறகு தடையில்லை. என் படங்களை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனேன். நான்கு முடிந்தது. சாம்பல் கட்டங்கள் வந்தன, நாங்கள் காத்திருந்தோம். ஒவ்வொன்றாக அவை நிறைந்தன. ஐந்து. அம்மா மடியில் துணிச் சுருளாகக் கிடந்தாள். முன்பல் இல்லாமல் சிரித்தாள். டைப் மெஷின் முன்னால் ரிப்பன் மை பட்ட கன்னத்தோடு உட்கார்ந்திருந்தாள். என்னுடையவற்றைவிட அதிகம் இருந்தன. அண்ணனைப் பற்றி நான் கொடுத்த வாக்கு பொய்க்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்து, பார்த்தாயா என்று கேட்டேன்.

அவள் கடைசிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று ஸ்டூடியோவில் எடுத்து அவள் அண்ணனுக்குத் தபாலில் அனுப்பிய படம் அது. அண்ணன் அதையும் ஏற்றியிருந்தார். ஆனால் ஒரு பக்கத்தை வெட்டியிருந்தார். வரைபடக்காரர் கை, கோடு நூல் பிடித்ததுபோல் இருந்தது. அவள் மட்டும் நின்றாள். அவள் தோளில் ஓர் ஆணின் கை மட்டும் மிஞ்சியிருந்தது. அதையும் எடுக்க வேண்டுமென்றால் அவள் தோளை வெட்டியிருக்க வேண்டும்.

“நீங்க ஜெயிச்சிட்டீங்க சின்னண்ணா. படம் இருக்கு” என்று சொல்லிப் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். “சொன்னபடி சாப்பிடுறேன். அவர் கார்லயே இருக்கட்டும். அவருக்குப் பழக்கம்தான்.”

அண்ணி சமையலறைக்குள் போனார். தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

அண்ணன் சொன்ன சொல்லை அண்ணன் காப்பாற்றினார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இப்போது இந்த வீட்டுக்கு மூத்தவன் நான். இந்த வீட்டுப் பெண் உள்ளே உட்கார்ந்து சாப்பிட, அவள் கணவர் வாசலில் பசியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் என்று தெருவில் ஒருவர் சொன்னாலும், அப்பா பெயர்தான் கெடும். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான்களைக் கழுத்துவரை போட்டேன்.

காரின் கண்ணாடியைத் தட்டினேன். அவர் இறக்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. இத்தனை வருடத்தில் நான் அவரிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை.

“மாப்பிள்ளை, உங்க கை மட்டும்தான் எங்க வீட்டுக்குள்ள இருக்கு. மீதியும் வந்தா நல்லது” என்றேன்.

“எந்தக் கை?”

“உள்ள வந்து பாருங்க.”

அவர் பேப்பரை நான்காக மடித்துப் பக்கத்து இருக்கையில் வைத்தார். காரை இப்படியே விட்டால் வழிக்கு இடைஞ்சலாக இருக்குமே என்றார். கேட்டின் இரண்டாவது கதவைத் திறக்கப் போனேன். தாழ் துருப்பிடித்து மண்ணில் இறங்கியிருந்தது. அவரே இறங்கி வந்து மறுபக்கம் பிடித்துத் தூக்கினார்.