படுக்கையறைக்கு வந்த காடுகள்

அந்த மழைக்காலத்தைக் கஷ்டகாலம் என்று யாராவது சொன்னால் ஹெப்சி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். ஏற்கெனவே ஒரு குழந்தை ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்ததால், இந்த முறை டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: கட்டிலை விட்டு இறங்கவே கூடாது. கிண்டி ஆபீஸுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சேலையூர் வாடகை வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாள் ஹெப்சி. அவள் கணவன் ஆஸ்டினுக்கு மறைமலை நகரில் தொழிற்சாலை வேலை. சாயங்காலம் அவன் வீடு திரும்பும்போதும் அவள் அப்படியேதான் கிடப்பாள்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தவன், ஹாலில் இருந்த கம்ப்யூட்டரைக் கழற்றிக் கட்டிலருகே வைத்தான். டெலிபோன் ஒயரைக் கதவிடுக்கு வழியாக இழுத்து வந்து சொருகினான்.

"எங்க போலாம், சொல்லு."

"விளையாடுறீங்களா? பாத்ரூமுக்கே உங்க கையப் புடிச்சுக்கிட்டுதான் போறேன்."

"காசிரங்கா போலாமா?"

வானத்திலிருந்து எடுத்த படம் முதலில் சேறு கரைத்தது போல வந்தது. பிறகு கட்டம் கட்டமாகத் தெளிந்தது. பிரம்மபுத்திரா வந்தது, மணல்திட்டு வந்தது, புல்வெளி வந்தது.

"என்னங்க, அந்தப் புள்ளி காண்டாமிருகமா?"

"புதரு."

"இல்ல, காண்டாமிருகம்தான்."

வாரக்கணக்கில் சிரிக்காமல் கிடந்தவள் சிரித்தாள்.

அதன்பின் நாளுக்கு ஒரு காடு. பகலில் சமைத்துப்போட பம்மலிலிருந்து வரும் அவள் அக்கா ஞானஜோதி, "ரெஸ்ட் எடுக்கச் சொன்னா, கண்ணக் கெடுத்துக்குறியா?" என்று திட்டினாள். நான்காம் நாள் பூண்டுத் தட்டோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஏய், அந்த நாக்பூர்காரரு புலியப் பாத்தாரா இல்லியா? மேல படி."

அந்த நாக்பூர்காரர் தடோபா காட்டுக்குப் போய், புலியைப் பார்க்காமல் திரும்பி வந்ததைப் பக்கம் பக்கமாகத் தன் வலைப்பதிவில் எழுதியிருந்தார். ஹெப்சி அவருக்கு மின்னஞ்சல் போட்டாள். காட்டில் பதிவு செய்த ஒரு ராப்பறவையின் குரலைப் பதிலாக அனுப்பிவைத்தார் மனிதர். அந்த ஒலிப்பதிவு கம்ப்யூட்டரில் இறங்கி முடிப்பதற்குள் குழம்பே கொதித்துவிட்டது. 'டக் டக் டக்' என்று பறவை கூவியதும் ஞானஜோதி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "தண்ணி மோட்டார் ரிப்பேராயிடுச்சாடி?"

தமிழ்நாட்டுத் தேசியப் பூங்காக்களைத் தேடிய அன்று ஹெப்சி திகைத்துப்போனாள். ஆஸ்டின் செருப்பைக் கழற்றுவதற்குள் கத்தினாள்.

"என்னங்க, இங்க பாருங்க! கிண்டிலயே ஒண்ணு இருக்குது! ஆறு வருஷமா அங்கதான் ட்ரெயின விட்டு எறங்குறேன். சின்னப்பசங்க பார்க் மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் நடுவே திட்டாகப் பச்சை. அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"பொறந்ததும் மொதல்ல அங்க கூட்டிட்டுப் போவணும்" என்றாள். குழந்தை பிறக்கும் என்று அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. ஆஸ்டின் முகம் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டான்.

மார்ச்சில் பெண் குழந்தை பிறந்தது. நிஷா என்று பேர் வைத்தார்கள். கழுத்து நன்றாக நின்றதும் மின்சார ரயிலேறி மூவரும் கிண்டிக்குப் போனார்கள். நினைத்த மாத்திரத்தில் காட்டுக்குள் போக அனுமதியில்லை. சிறுவர் பூங்கா வேலியோரம் நின்றுதான் பார்த்தார்கள். நனைந்த சருகு வாசனை வந்தது. ஒரே கொசு. மரநிழலிலிருந்து ஒரு புள்ளிமான் தலைதூக்கிப் பார்த்தது. நிஷா தும்மினாள், மான் ஓடிவிட்டது. ஹெப்சிக்குக் கண் நிறைந்தது.

அடுத்த வருஷம் பெருங்களத்தூரில் சொந்த ஃபிளாட்டுக்கு மாறினார்கள். சாமான்களெல்லாம் டெம்போவில் ஏறிய பிறகும் ஹெப்சி காலிப் படுக்கையறையிலேயே நின்றுகொண்டிருந்தாள். கட்டில் கிடந்த இடத்தில் மட்டும் தரை வேறு நிறமாக இருந்தது.

வெளியே டெம்போ ஹாரன் அடித்தது.

"ஏதாவது விட்டுட்டியா?" என்று எட்டிப் பார்த்தான் ஆஸ்டின்.

"இல்லங்க, நீங்க போங்க, வர்றேன்" என்றாள். ஆனால் உடனே நகரவில்லை.