ஈ வரிசை, ஒன்பதாம் இடம்

1.

இந்தக் கதை ஒரு வம்புக் கேள்வியில் தொடங்கியது. பெரிய டென்னிஸ் போட்டி ஒன்றுக்கு எப்படி வந்துசேர்வது என்று விளக்கும் பதினான்கு பக்கக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். (ஏன் படித்தாய் என்று கேட்காதீர்கள். எனக்கு டென்னிஸ் தெரியாது. பாயின்ட் ஏன் பதினைந்து பதினைந்தாக ஏறுகிறது என்பதே இன்றுவரை புரியவில்லை.) காரை எங்கே நிறுத்துவது, ரயிலில் வந்தால் எந்த வாசல், சைக்கிளை எங்கே பூட்டுவது, சக்கர நாற்காலிக்கு எந்தச் சரிவு, எல்லாம் இருந்தது. கடைசி வரி: "வாசல்கள் காலை ஒன்பது மணிக்குத் திறக்கப்படும்."

யார் திறப்பார்கள்? அவர்கள் எதில் வருவார்கள்?

பதினான்கு பக்கத்திலும் பதில் இல்லை. அந்த எரிச்சல்தான் இது.

வேடிக்கை பார்க்க விடமாட்டேன், உங்களையும் உள்ளே இழுத்துக்கொள்கிறேன். உங்களிடம் ஒரு கார் இருக்கிறது. (இல்லையென்றாலும் இருக்கட்டும், கதையில் எனக்கென்ன செலவு?) போட்டிக்கு டிக்கெட் வாங்கிவிட்டீர்கள். மூன்றாம் பார்க்கிங், ஈ வரிசை, ஒன்பதாம் இடம். வாசலுக்குப் பக்கம். நல்ல இடம். எண்ணை மறந்துவிடாதீர்கள்.

2.

முதல் தொடக்கம்: "விடியலில் புல்தரை முழுக்கப் பனித்துளிகள் முத்து முத்தாக" — வேண்டாம். அந்த நேரத்தில் அந்தப் புல்லைப் பார்த்தவர்கள் யாரும் முத்து பற்றிப் பேச மாட்டார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "அந்த அலுவலகத்தில் சேர்ந்த நாள் முதலே ஏதோ ஒன்று அவளை" — என்ன ஏதோ ஒன்று? எனக்கே தெரியாததை உங்கள் தலையில் கட்டக் கூடாது.

மூன்றாவது: "அவள் ஒரு வரியை அழித்தாள்."

இது போதும். இதிலிருந்து போகலாம்.

3.

அவள் ஒரு வரியை அழித்தாள்.

போட்டியின் போக்குவரத்துத் திட்டம் அவள் கையில் இருந்தது. ஏழாவது மாடி, கண்ணாடிச் சுவர், இரண்டு திரை வைத்த மேசை. ஒரு திரையில் மைதானத்தின் வரைபடம், இன்னொன்றில் அட்டவணை. எந்த வண்டி, எந்த வாசல், எத்தனை மணிக்கு, உள்ளே எத்தனை பேர். பந்து ஏற்றிவரும் வண்டிக்கு ஒரு வரி. நடுவர்களின் வேனுக்கு ஒரு வரி. ஓர் ஆட்டக்காரியின் நாய்க்குட்டி வரும் காருக்குக்கூடத் தனி வரி உண்டு, அதில் "பயணிகள்: 1 + நாய்" என்று அவளே கைப்பட அடித்திருந்தாள்.

வரி 41, துண்டு வண்டி. ஆட்டக்காரர்கள் முகம் துடைக்கும் வெள்ளைத் துண்டுகளைச் சலவை நிலையத்திலிருந்து கொண்டுவருவது. போன வருடக் கணக்கின்படி வரும் நேரம் 4.50. வரி 42, அதே வண்டி, அதே எண், அதே டிரைவர். வரும் நேரம் 7.00. துண்டு ஏழு மணிக்குத்தான் தேவை. அப்படியானால் முதல் வரி யாரோ தவறிப்போய் அடித்த இரட்டைப் பதிவு. கல்லூரியில் நான்கு வருடம் இதைத்தானே சொல்லிக்கொடுத்தார்கள்: இரட்டைப் பதிவைக் கண்டால் நீக்கு. நீக்கினாள். அட்டவணை சுத்தமாகிவிட்டது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "கை சுத்தம்மா உனக்கு" என்றார். அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.*

* அவள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் அவள்தான். கர்வம் வரட்டும், விடுங்கள்.

4.

அன்று சாயங்காலம் அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஆரம்பித்துவிட்டாள்.

"இனிமே காலைல வண்டி வராதாம்டி."

"எந்த வண்டி?"

"கம்பெனி வண்டிதான். மேட்ச் நடக்கற ரெண்டு வாரமும் வண்டிய உள்ள விட அஞ்சு மணி பாஸ் கிடையாதாம். ஆபீஸ்ல எவளோ ஒரு அறிவாளி கம்ப்யூட்டர்ல வெட்டிவிட்டுட்டாளாம். டிரைவர் தம்பி வாயில வந்தபடி திட்டறான்."

"எவளோன்னா சொன்னாரு?"

"இல்ல, அவன் மேடம்னுதான் சொன்னான். எவளோன்னு நான் போட்டுக்கிட்டேன்."

அம்மா அந்த மைதானத்தில் துப்புரவு வேலை செய்கிறவள். பதினோராயிரம் இருக்கைகளைப் பன்னிரண்டு பெண்கள் துடைக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வரும் ஏழு மணிக்குள் முதல் சுற்று முடிந்தாக வேண்டும். முதல் ரயிலே ஆறு மணிக்குத்தான். நான்கு வருடமாக அம்மா "கம்பெனி வண்டி வருது" என்று சொல்லிவிட்டுப் போவாள். மகள் மனதில் அந்த வண்டிக்கு ஜன்னலும் சீட்டும் இருந்தன.

"அம்மா... துண்டு வண்டியா?"

"ஆமா. காலைல வெறும் தகரம், கால நீட்டி உக்காந்துப்போம். மத்தியானம் திரும்பறப்போ ஈரத்துண்டு மூட்டை, மெத்தையாட்டம் இருக்கும். உலகத்துலயே பெரிய ஆட்டக்காரன் வேர்வை மேல சாஞ்சு தூங்கிட்டு வந்திருக்கேன், தெரியுமா ஒனக்கு?"

"ஜன்னல் இருக்கா?"

"துண்டுக்கு எதுக்குடி ஜன்னல்?"

"கதவு?"

"வெளிய தாப்பா. தம்பி நல்லவன், மறக்க மாட்டான்."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அந்த அறிவாளி யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யாரு?"

"ஒன் பொண்ணு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிப்பு. "அடிப்பாவி! அவன் திட்டினப்போ நானும் கூடச் சேந்து திட்டினேனே!"

5.

இங்கே ஒரு சந்தேகம். இந்தக் கதையைப் படித்த தோழி, "அம்மா எதுல வேலைக்குப் போறான்னு நாலு வருஷமாத் தெரியாத பொண்ணு இருப்பாளா? நம்பற மாதிரி இல்ல" என்றாள். நியாயம்தான். எடுத்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன்.

பிறகு யோசித்தேன். என் அம்மா வேலைக்கு எதில் போனாள்? "போயிட்டு வரேன்" என்பாள். அதோடு சரி. எதில் என்று நான் ஒரு நாளும்

பேனாவை மூடிவிட்டேன். அந்தப் பகுதி அப்படியே இருக்கும். தோழி வேண்டுமானால் அவள் வீட்டில் கேட்டுப் பார்க்கட்டும்.

6.

"அந்த வரிய மறுபடி போட்டுடு, போதும்" என்றாள் அம்மா. "துண்டு வண்டி, டிரைவர் ஒண்ணு. எங்களப் பத்தி ஒரு எழுத்து எழுதாத. எழுதினா சரக்கு வண்டில ஆளேத்தறாங்கன்னு அதையும் நிறுத்திடுவாங்க. அப்பறம் பன்னெண்டு பேரும் ஒன்ன மேடம்னு சொல்ல மாட்டாங்க." வேறு வழி கிடைக்காவிட்டால் அப்படியே செய்வதாக அவள் வாக்குக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அவள் மேனேஜர் முன் நின்றாள். (இவரை வில்லனாக்கிவிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தால் கதை தானாக ஓடும். மனிதர் ஒத்துழைக்கவே இல்லை.)

"சார், அஞ்சு மணிக்கு வேலைக்கு வரவங்களுக்கு ஒரு பஸ் விட முடியுமா?"

"ஷட்டில் பஸ்ல ஒண்ணு உபரியா நிக்குது, தாராளமா எடுத்துக்கோ." வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். "காலைல கிரவுண்டே காலி, எங்க வேணா திருப்பலாம். ரெண்டு மணிக்கு அவங்கள ஏத்திட்டுப் போக வரும்ல, அப்ப எங்க திருப்புவ?"

அவள் பென்சிலால் வட்டம் போட்டுப் பார்த்தாள். வேலையாட்கள் வரும் சேவை வாசல் பாதை குறுகல். பஸ் திரும்ப ஒரே இடம்தான். மூன்றாம் பார்க்கிங், ஈ வரிசை, பதினாறு கார்கள்.

"அது வித்தாச்சு" என்றார் மேனேஜர். "ஒரே ஒரு கார் நின்னாலும் பஸ் திரும்பாது. நான் வேண்டாம்னு சொல்லலம்மா. அஞ்சாம் பார்க்கிங்ல இடம் இருக்கு. பதினாறு பேரும் சரின்னு எழுதிக் குடுத்தா மாத்திக்கோ. இன்னிக்கு நாலு மணிக்கு பாஸ் எல்லாம் அச்சுக்குப் போகுது."

7.

முடிவு அ: அவள் வரி 41ஐ மறுபடி தட்டச்சு செய்கிறாள். பயணிகள்: 0. அம்மா வழக்கம்போலப் போய் வருகிறாள். ஒன்றும் ஆவதில்லை. (நிஜத்தில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். ஒன்றும் ஆகாத வரைக்கும் ஒன்றும் ஆவதில்லை.)

முடிவு ஆ: விடியலில் வெள்ளை பஸ் வந்து நிற்கிறது. பன்னிரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைத் தொட்டு — சீ. இதை எழுதியதற்கு மன்னியுங்கள். பஸ் அவ்வளவு சுலபமாக வருவதாக இருந்தால் நான் ஏன் கதை எழுதுகிறேன்?

8.

பதினாறு பேருக்கும் அவள் கடிதம் எழுதினாள். "நிர்வாகக் காரணங்களால்" என்று தொடங்கினாள், அடித்தாள். "என் அம்மா" என்று தொடங்கினாள், அதையும் அடித்தாள். கடைசியில் அனுப்பியது இது:

"வாசல்கள் ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டுமென்றால் பன்னிரண்டு பேர் ஐந்து மணிக்கே வந்தாக வேண்டும். அவர்களுக்கான பஸ் மதியம் திரும்புவதற்கு உங்கள் இடம் தேவைப்படுகிறது. பதிலாக ஐந்தாம் பார்க்கிங்கில் உங்கள் காருக்கு இடம் தருகிறோம். அங்கிருந்து வாசலுக்குத் தொள்ளாயிரம் மீட்டர் நடக்க வேண்டும். சம்மதமா? ஆம் / இல்லை."

வெயிலாக இருக்கும், கூட வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள், ஆட்டத்தின் முதல் பத்து நிமிடம் தவறலாம். மறைக்கவில்லை. ஷட்டிலும் அந்தப் பக்கம் வராது, பார்த்துவிட்டேன்.

இப்போது மணி மூன்று ஐம்பது. அட்டவணை திறந்திருக்கிறது. வரி 41 வெறுமையாக இருக்கிறது. ஒருவர் மறுத்தாலும், நாலு மணிக்கு அவள் அதில் "துண்டு வண்டி, பயணிகள்: 0" என்று அடிக்க வேண்டியதுதான். அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

பதினைந்து பேர் பதில் போட்டுவிட்டார்கள். என்ன பதில் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் கூட்டத்தோடு போய்விடுவீர்கள்.

ஒன்பதாம் இடத்திலிருந்துதான் இன்னும் ஒன்றும் வரவில்லை.